பல் வைத்தியரின் ஊசியில் ஒரு நஞ்சு

கடந்த தவணை விடுமுறையில் உம்மாவுடன் பல் வைத்தியரிடம் சென்றிருந்தேன். உம்மாவுக்குச் சில மாதங்களாகக் காலையில் எழும்பும்போதே தாடை இறுகி, காதோரம் நோவு. காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போனார். காதில் ஒன்றுமில்லை, பல் வைத்தியரைப் பாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார். அன்று எங்களுடன் மாமியின் மகளும் வந்திருந்தார். அவருக்கு இன்னும் சில மாதங்களில் நிக்காஹ்.

டொக்டர் உம்மாவைப் பல்லை இறுகக் கடிக்கச் சொல்லி, இரு கன்னங்களையும் விரலால் அழுத்திப் பார்த்தார். தேய்ந்து தட்டையாகிப்போன பற்களைக் கண்ணாடியில் காட்டினார். “நித்திரையில நீங்க பல்லைக் கடிக்கிறீங்க. முதல்ல இரவில போடுற காப்பு ஒன்று செய்து தாறேன். அதுக்கும் சரிவராட்டி, இந்தத் தசையைத் தளர்த்துற ஊசி ஒன்று இருக்கு” என்றார்.

இதைக் கேட்டதும் மாமியின் மகள் முன்னுக்கு வந்தார். “டொக்டர், அது பொட்டொக்ஸ்தானே? அதைப் போட்டா கன்னம் மெலியுமாம். கலியாணத்துக்கு முன்னுக்கு எனக்கும் போட ஏலுமா?”

டொக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “மகள், உங்களுக்கு எங்க நோகுது?”

“எனக்கு நோவு ஒன்றும் இல்லை டொக்டர்.”

“அப்ப நாங்க கதைக்க வேண்டியது வேற கதை.”

ஒரே ஊசி, ஒரே மருந்து, கன்னத்தின் ஒரே தசை. ஆனால் ஒருவருக்கு அது சிகிச்சை, மற்றவருக்கு அது வேறு கதை. அந்த வேறுபாடு என்னவென்று அறியும் ஆவலில் தேடி வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். இன்று உலகின் பல நாடுகளில் பல் வைத்தியர்கள் இந்த ஊசியைச் சிகிச்சைக்காகவும் அழகுக்காகவும் போடுகிறார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் எம் வயதுப் பெண்களின் கண்ணில் இதன் விளம்பரங்களே படுகின்றன. ஆகவே இதனைப் பற்றி நாம் அறிந்திருப்பது அவசியம்.

சொசேஜில் இருந்து வந்த பெயர்

பொட்டொக்ஸ் என்பது ஒரு வர்த்தகப் பெயர். மருந்தின் உண்மையான பெயர் பொட்டுலினம் நச்சு. குளொஸ்ரீடியம் பொட்டுலினம் என்னும் பற்றீரியா சுரக்கும் புரதம் அது. இலத்தீன் மொழியில் பொட்டுலஸ் என்றால் சொசேஜ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் பழுதடைந்த சொசேஜ் உண்டவர்கள் பார்வை மங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்தார்கள். ஜஸ்டினஸ் கேர்னர் என்ற வைத்தியர் இதனை ஆராய்ந்தார். அவர் ஒரு கவிஞரும்கூட. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை ஏதோ ஒரு நஞ்சு தடுக்கிறது என்பதைக் கண்டுகொண்டதோடு, மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அதுவே மருந்தாகலாம் என்றும் 1822ஆம் ஆண்டளவிலேயே அவர் எழுதிவைத்தார்.

அந்த நஞ்சுக்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த எமில் வான் எர்மெங்கெம். 1895இல் அந்நாட்டுக் கிராமம் ஒன்றில் மரணச் சடங்குக்கு வந்த வாத்தியக் குழுவினர் கெட்டுப்போன இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்துதான் அவர் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம் என்று இன்று வைத்தியர்கள் எச்சரிப்பதும் இதே பற்றீரியாவின் வித்திகள் தேனில் இருக்கக்கூடும் என்பதால்தான்.

கேர்னர் எண்ணியது நிறைவேற ஒன்றரை நூற்றாண்டு சென்றது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண் உள்ளவர்களின் கண் தசையில் இந்த நச்சை மிக நுண்ணிய அளவில் ஏற்றி, அதன் பெறுபேறுகளை 1980இல் வெளியிட்டார். 1989இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும், கட்டுப்பாடின்றிக் கண் இமை இறுகும் நோய்க்கும் இதனை அங்கீகரித்தது.

அழகுக்கான பயன்பாடு தற்செயலாக வந்தது. கனடாவின் வன்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் வைத்தியர் இமை நோய்க்கு இந்த ஊசியைப் போட்டுவந்தார். ஊசி போட்ட பின் புருவங்களுக்கு இடையிலான சுருக்கம் மறைவதை ஒரு நோயாளியே அவருக்குச் சொன்னார். ஜீனின் கணவர் அலஸ்டயர் ஒரு தோல் வைத்தியர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டனர். 2002இல் அமெரிக்க நிர்வாகம் புருவச் சுருக்கத்துக்கும் அனுமதி வழங்கியது. கண் நோயாளிக்காக வந்த மருந்து அதன் பின்னர் அழகு நிலையங்களின் பேச்சாகிவிட்டது.

ஊசி தசைக்குள் என்ன செய்கிறது?

உயர்தர உயிரியலில் நாம் கற்கும் நரம்புத்தசைச் சந்தியை நினைவில் கொண்டால் இது இலகுவாக விளங்கும். நரம்பு முனையில் சிறு புடகங்களுக்குள் அசற்றைல்கோலின் என்னும் பதார்த்தம் நிரம்பியிருக்கிறது. கணத்தாக்கம் வந்ததும் புடகங்கள் நரம்பு முனையின் மென்சவ்வுடன் ஒட்டி, உள்ளே இருப்பதை வெளியே விடுகின்றன. அது தசையைத் தொட்டதும் தசை சுருங்குகிறது. புடகம் மென்சவ்வுடன் ஒட்டுவதற்குச் சில புரதங்கள் வேண்டும். பொட்டுலினம் நச்சின் ஏ வகை அவற்றில் ஒன்றான ஸ்னப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. கடிதம் எழுதியாயிற்று, உறையிலும் இட்டாயிற்று, தபாற்பெட்டியின் வாய் மட்டும் அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை தசையைச் சென்றடையாததால் தசை தளர்ந்துவிடுகிறது.

ஊசி போட்ட உடனே மாற்றம் தெரியாது. சில நாட்களில் தொடங்கி, இரண்டு வாரமளவில் முழுமையாகத் தெரியும். நிரந்தரமானதும் அல்ல. நரம்பு புதிய முளைகளை விட்டு, காலப்போக்கில் பழைய முனையையும் சரிசெய்துகொள்கிறது. பொதுவாக மூன்று அல்லது நான்கு மாதங்களில் தசை பழைய நிலைக்குத் திரும்பும். தொடர்ந்து பயன் வேண்டுமானால் திரும்பவும் ஊசி, திரும்பவும் செலவு.

உலகில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்றை உடலில் ஏற்றுவதா என்று பயம் வருவது நியாயமே. பாதுகாப்பு அளவில்தான் இருக்கிறது. ஒரு குப்பியில் இருப்பது சில நனோகிராம் மாத்திரமே. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனால் இம்மருந்தை மில்லிகிராமில் அளப்பதில்லை; அலகுகளில் அளக்கிறார்கள். ஒரு கம்பனியின் அலகும் இன்னொரு கம்பனியின் அலகும் சமமானவை அல்ல. இதனை அறியாத கையில் ஊசி இருப்பதே ஆபத்து.

பல் வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

உணவை மெல்லுவதற்கு எமக்கு நான்கு சோடித் தசைகள் உள்ளன. அவற்றில் கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் மூலைவரை வரும் மெசெற்றர் தசை மிகவும் பலமானது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தால் திரண்டு எழும்புவது அதுதான். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இத்தசை இரவு முழுவதும் வேலை செய்கிறது. பல் தேய்கிறது, அடைத்த பல் உடைகிறது, தாடை மூட்டு நோகிறது, தலையிடியும் வருகிறது. பல்லைக் காப்பதற்கு வந்தவர் பல்லை உடைக்கும் தசையையும் கவனிக்கத்தானே வேண்டும்? இந்த வழியால்தான் தசை தளர்த்தும் ஊசி பல் வைத்தியரின் அறைக்குள் வந்தது. மெசெற்றர் தசை பருத்தவர்களுக்கு இந்த ஊசி பயனளித்ததைப் பிரித்தானிய வைத்தியர்கள் 1994இலேயே மருத்துவச் சஞ்சிகையில் எழுதியுள்ளனர்.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். பல் கடிக்கும் கட்டளை பிறப்பது மூளையில். மனஅழுத்தமும் நித்திரைக் குழப்பமும் அதனைத் தூண்டுகின்றன. ஊசி அந்தக் கட்டளையை நிறுத்துவதில்லை. கடியின் பலத்தைத்தான் குறைக்கிறது. இரவில் அணியும் காப்பும் பழக்கத்தை நிறுத்தாது, பற்களுக்கிடையே நின்று தேய்வைத் தடுக்கும். ஆகவே நல்ல வைத்தியர்கள் காப்பு, தாடைக்கான பயிற்சி, கோப்பியைக் குறைத்தல், மனஅமைதி ஆகியவற்றை முதலில் சொல்கிறார்கள். அவை கைகொடுக்காதபோதே ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள். அத்துடன் பல் கடிப்பது அமெரிக்க நிர்வாகத்தின் அங்கீகாரப் பட்டியலில் சேராத ஒரு பயன்பாடு. வைத்தியர் தமது அறிவையும் பொறுப்பையும் கொண்டு செய்யும் சிகிச்சையே அது. நோயாளிக்கு அதனைத் தெளிவாகச் சொல்வது அவரது கடமை.

சிகிச்சைக்கும் அழகுக்கும் இடையில் நிற்கும் பயன்பாடுகளும் உண்டு. சிரிக்கும்போது மேலுதடு அதிகமாக உயர்ந்து முரசு வெளியே தெரிபவர்களுக்கு, உதட்டை உயர்த்தும் தசையில் சிறு அளவு போடுகிறார்கள். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஒரு பெண் தயக்கமின்றிச் சிரிப்பாளானால் அதனை வெறும் அலங்காரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நோவு இல்லாத முகத்துக்கு ஊசி

மாமியின் மகள் கேட்டது இதனிலும் வேறுபட்டது. மெசெற்றர் தசைக்குப் பல வாரங்கள் வேலை குறைந்தால் அது மெலியும். தசை மெலிந்தால் அகன்ற தாடை ஒடுங்கியதுபோல் தோன்றும். கொரியா முதலிய கிழக்காசிய நாடுகளில் இது மிகவும் பிரபலம். அங்கிருந்து நாடகங்கள் வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் எம் கைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விளம்பரங்கள் சொல்லாத பக்கமும் உண்டு. மெசெற்றரின் முன் ஓரத்தில் சிரிப்புக்கு உதவும் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. மருந்து அங்கு பரவினால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். மெல்லும் பலம் குறைவதால் இறைச்சி போன்ற கடினமான உணவைச் சாப்பிடுவது சிரமமாகலாம். கன்னம் அழகாக மெலியாமல் ஒட்டிப்போவதும், தோல் தொங்குவதும் உண்டு. நரம்புத்தசை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதனைத் தவிர்க்க வேண்டும். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவி, விழுங்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் தடையாகலாம் என்ற கடும் எச்சரிக்கையை மருந்துடன் சேர்த்து அச்சிடும்படி அமெரிக்க நிர்வாகம் 2009இல் கட்டளையிட்டது. இவற்றில் பல அரிதானவை, தற்காலிகமானவை. ஆனாலும் நோவுள்ளவர் அந்த ஆபத்தை ஏற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நோவே இல்லாதவர் எதற்காக ஏற்கிறார் என்பதே கேள்வி.

யார் போடுகிறார், யாருக்குப் போடுகிறார்?

பல் வைத்தியர் இதனைப் போடலாமா என்பதில் நாடுகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. பிரித்தானியாவில் இது வைத்தியச் சீட்டின்றிக் கொடுக்க முடியாத மருந்து. சீட்டு எழுதும் உரிமை பல் வைத்தியருக்கும் உண்டு. ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது: முகத்தின் தசைகளையும் நரம்புகளையும் வருடக்கணக்கில் கற்றவர், தினமும் வாய்க்குள் நுட்பமாக ஊசி போடுபவர் அவர்தானே என்கிறார்கள். மறுபக்கத்தார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முரசில் விறைப்பு ஊசி போடுவதும், நெற்றியில் தசை தளர்த்தும் ஊசி போடுவதும் ஒரே திறமை அல்ல; ஓரிரு நாள் பயிற்சி அதற்குப் போதாது.

ஆனால் பல் வைத்தியரை விடப் பெரிய ஆபத்து, எந்தப் பதிவும் இல்லாதவர்களிடம் இருக்கிறது. 2023இன் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலுமாக அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள் இவ்வகை ஊசிக்குப் பின் நோயுற்றனர். அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் வீடுகளிலும் அழகு நிலையங்களிலும் போட்ட ஊசிகளும், போலி மருந்தும் அச்சம்பவங்களில் வெளிப்பட்டன. எமது நாட்டில் வைத்தியர்களையும் பல் வைத்தியர்களையும் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. மருந்துகளைப் பதிவு செய்வது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. ஆகவே போடுபவர் பதிவு பெற்றவரா, மருந்து பதிவு பெற்றதா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு வயது 17. இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, 18 வயதுக்குக் குறைந்த எவருக்கும் அழகுக்காக இந்த ஊசியைப் போடுவது குற்றம். பெற்றோர் சம்மதித்தாலும் குற்றமே. மருத்துவத் தேவை இருந்து, வைத்தியர் அங்கீகரித்தால் மட்டும் விலக்கு உண்டு. அந்த டொக்டர் கேட்ட அதே கேள்வியைத்தான் அந்தச் சட்டமும் கேட்கிறது: எங்கே நோகிறது?

மார்க்கத்தின் பார்வையில்

இக்கேள்வியை எமது மார்க்கம் எப்போதோ கேட்டுவிட்டது. அர்ஃபஜா (ரழி) என்ற ஸஹாபி ஜாஹிலிய்யாக் காலப் போர் ஒன்றில் தமது மூக்கை இழந்தவர். வெள்ளியால் செய்த மூக்கை அணிந்தார். அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் தேவை கருதி அனுமதி கிடைத்தது. பல்லைத் தங்கத்தால் கட்டுவதற்கும் அறிஞர்கள் இதனையே ஆதாரமாகக் காட்டுவர்.

மறுபுறம், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் கண்டிக்கப்பட்ட ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கிறார்கள். இதனை விளக்கும் இமாம் நவவி (ரஹ்), கண்டனம் அழகுக்காகச் செய்வதற்கே என்றும், சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்வதில் குற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு செய்திகளும் வாயையும் முகத்தையும் பற்றியவை. குறையைச் சீராக்குவதற்கும் படைப்பைக் குறைசொல்வதற்கும் இடையில் அவை ஒரு கோடு வரைகின்றன.

பொட்டொக்ஸ் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை, மருந்தில் சேரும் பொருட்களையும் அதனால் வரக்கூடிய தீங்கையும் கருத்திற்கொண்டு 2006இல் இதனைத் தடைசெய்தது. சிகிச்சைக்கு அனுமதித்து, அழகு விடயத்தில் நிபந்தனை விதிக்கும் அறிஞர்களும் உள்ளனர். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. போடுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்பதுபோல் ஆலிமிடமும் கேட்பது நல்லது என்பதே என் எண்ணம்.

நாற்காலியில் அமர முன்

தோழியரே, எமது குடும்பத்தில் எவரேனும் இந்த ஊசிக்குப் போவதாக இருந்தால் சில கேள்விகளை அவர்களுடன் அனுப்பிவைப்போம். என் நோவுக்குக் காரணம் உண்மையிலேயே இந்தத் தசைதானா? காப்பும் பயிற்சியும் செய்து பார்த்தாயிற்றா? நீங்கள் இதற்குப் பயிற்சி பெற்றவரா, இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்? குப்பியைத் திறக்க முன் எனக்குக் காட்டுவீர்களா? கோளாறு ஏதும் வந்தால் யாரை, எங்கே சந்திப்பது? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரே நல்ல வைத்தியர்.

உம்மா இப்போது இரவில் காப்புப் போட்டுக்கொண்டு உறங்குகிறார். நோவு முழுவதும் போகவில்லை, முன்னைவிடக் குறைந்திருக்கிறது. ஊசி தேவையா என்று அடுத்த முறை பார்க்கலாம் என டொக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்று திரும்பி வரும்போது த்ரீவீலருக்குள் மாமியின் மகள் கைத்தொலைபேசியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். “மாமி, உண்மையாச் சொல்லுங்க, என்ட தாடை பெருசா?” என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா அவரைச் சிறிது நேரம் பார்த்தார். “அது உங்கட உம்மும்மாட தாடை மகள். அவ மௌத்தாகி ஏழு வருஷம். உங்களப் பார்த்தா எனக்கு அவட நினைவுதான் வரும்” என்றார்.

அவர் பிறகு எதுவும் சொல்லவில்லை. போடுவாரா, மாட்டாரா என்பது அவரது முடிவு. என்ன முடிவெடுத்தாலும் அறிந்துகொண்டு எடுக்கட்டும் என்பதற்காக இந்தக் கட்டுரையின் முதற்பிரதியை அவருக்கே வாசிக்கக் கொடுத்தேன்.